ராகேல் நர்சம்மாவின் கப்பல் செலவு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தபால் பையைப் பிரித்தபோது, ஆப்பிரிக்கத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று மேஜையில் விழுந்தது. ராகேல் நர்சம்மாவின் கடிதம் வருகிற மாதம் அல்ல அது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று, கோடையில் ஒன்று என்று ஏழு ஆண்டுகளாக அவர் தவறாமல் எழுதிவந்தார். முகவரியும் அவர் கையெழுத்தில் இல்லை, தட்டச்சில் இருந்தது. மாகறலில் இருக்கும் அவருடைய அண்ணன் பெயருக்கு வந்திருந்தது. அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, எப்படியும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அடுத்தவர் பெயருக்கு வந்ததை நான் பிரிக்க முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மாகறலுக்குப் போனேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னா எயுதிக்கீது, படிங்க நைனா" என்றார். அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் எழுதியிருந்தார். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து நர்சம்மா இறந்துவிட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நர்சம்மாவின் சபையார் அவர் நினைவாக ஒரு மலர் அச்சிடுகிறார்கள். "நீங்களும் நாலு வரி எழுதித் தாங்க" என்று போதகர் கேட்டார். நான் பெருநகர் கிராமத்துத் தபாலாபீஸ்காரன், சபாபதி. பாதி நேரம் பயிர், பாதி நேரம் தபால். மணியார்டர் பாரம் எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை; புகழ்ந்து எழுதச் சுத்தமாக வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதில் நான் வெட்கப்பட வேண்டிய சங்கதியும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது அஞ்சலி ஆகாது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். அதனால் அவர் யார் என்று நான் விளக்கத் தேவையில்லை. தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாகறலில் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்த குடும்பம். காஞ்சிபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் பயிற்சியும் முடித்து, எங்கள் ஊர் மருந்தகத்துக்கு வேலைக்கு வந்தார். புதன்கிழமைகளில் தொழுநோயாளிகளுக்குக் கட்டுப் போடுவார். அன்றைக்கு மருந்தகத்துப் பக்கம் வேறு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், நானும் அந்த வழியாகத் தபால் கொண்டு போகமாட்டேன். அதைச் சொல்லிக்காட்டி, "புதன்கெயமைன்னா எனுக்குக் கடுதாசியே வராது, வியாயன்தான் வரும்" என்று சிரிப்பார்.

அறுபதுகள் தொடங்கிய சமயம். சபைப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்ததை எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்கு வந்தார். ஆப்பிரிக்காவில் தாங்கனிக்கா என்ற நாட்டில் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகள் தேவை. இரண்டு ஆண்டு. சாப்பாடும் இருக்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது, போகிற செலவு நம்முடையது. இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. சம்பளம் கிடையாது, கப்பல் கூலியும் கையைவிட்டுப் போகும், இது என்ன வேலை என்று கேட்டேன். இங்கே இல்லாத வியாதியா அங்கே இருக்கிறது என்றும் கேட்டேன்.

"இங்க நான் இல்லன்னா வேற ஒரு நர்ஸ போடுவாங்க அண்ணா. அங்க ரெண்டு வருசமா கேட்டுக்கினே கீறாங்களாம், யாரும் வரலியாம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மனசார எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வேதவல்லிக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டாவது தடவை தாயும் போய்விடுவாள் என்று எல்லாரும் கைவிட்ட நிலையில் நர்சம்மாதான் ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிழைக்க வைத்தார். "நர்சம்மா இருந்தா எனுக்குப் பயமில்ல" என்று வேதவல்லி வாய்க்கு வாய் சொல்வாள். ஆகவே விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டும்போது, இவரை வேண்டாம் என்று அவர்கள் எழுதிவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டேதான் ஒட்டினேன்.

வரச்சொல்லித்தான் பதில் வந்தது. பம்பாயிலிருந்து கப்பல் மாசிக்கு மேல் இருக்கும், தேதியைப் பின்னால் தெரிவிப்போம், தெரிவித்த ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கண்டிருந்தது. கூடவே சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. நர்சம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஏரிக்கரையில் என் தபால் சைக்கிளை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார். பிடித்துவிட எனக்குத் தயக்கம். ஊர் வாயை மூட முடியாது என்று சாக்குச் சொல்லிவிட்டேன். அவரே ஏறினார், அவரே விழுந்தார். ஒரு நாள் சைக்கிளோடு வயலில் இறங்கிவிட்டார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சேற்றோடு எழுந்து, "நீங்க சிரிச்சுக்கினே இருங்க, நான் இதும்மேலயே ஆப்பிரிக்கா போயிடறேன்" என்றார். என் சைக்கிளின் முன்சக்கரம் அதற்குப் பிறகு ஒருபோதும் நேராக ஓடியதில்லை.

பணத்துக்கு வீடு வீடாகப் போனார். கூலிக்காரர் தெருவில் அவர் தனியாகப் போய்க் கேட்டார். எங்கள் தெருவுக்கு என்னையும் கூப்பிட்டார். பெயருக்குத்தான் கூடப் போனேன், எந்த வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசும்போது நான் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊர் மணியக்காரர் தம் வீட்டில் மோரைக் குடித்துக்கொண்டே, "யாரோ எங்கியோ சீக்காகீறான்னா அதுக்கு நான் எதுக்குமா துட்டு குடுக்கணும்?" என்று கேட்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

நர்சம்மா முகம் மாறாமல், "உங்க புள்ளைங்க மூணு பேரும் என் கையிலதான் பொறந்தாங்க. அத்த வெச்சிக்கினு கேக்கல. சும்மாதான் கேக்கறேன். இஷ்டம்னா குடுங்க, இல்லன்னா நான் போயி வரேன்" என்றார்.

அப்புறம் பார்க்கலாம் என்று மணியக்காரர் அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது, எப்படித்தான் கூசாமல் கேட்கிறீர்களோ என்றேன். "இல்லன்னா வூட்டுக்குத் திரும்பி வந்துடப்போறேன். அவ்ளோதான அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலில் போய் நின்றார்.

இதற்கு நடுவில் என் வாய் ஒரு வேலை செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில், இரண்டு ஆண்டுக்குத் தமக்கு வேண்டிய சாமான்களைத் தாமே கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. துணிமணி, செருப்பு, சோப்பு என்ற அர்த்தத்தில் எழுதியிருப்பார்கள். தபாலாபீஸ் வாசலில் நின்ற பெண்களிடம் நான் அதை அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். கையில் காசு புழங்காத ஜனம். கூலியே நெல்லாகத்தான் வாங்குகிறார்கள். காசாகக் கொடுக்க வழியில்லையே என்று குமைந்துகொண்டிருந்தவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. "ரெண்டு வருசம் குடித்தனம்னா வெறுங்கையோடயா அனுப்பறது? நாம்ப என்னா அவ்ளோ கேடுகெட்டவங்களா?" என்று கன்னியம்மா ஆரம்பித்தார். நடவு, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் ஆள் கூட்டிப் போகிறவர் அவர்தான். அவர் சொன்னால் தெருவே எழுந்து வரும். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாணப் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோவதுபோல் வரிசையாக நர்சம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முறம், புளி, வரமிளகாய், வடாம், பித்தளைச் சொம்பு, கோழிகள், பூசணிக்காய். கன்னியம்மாவின் மகன்கள் இருவரும் ஓர் அம்மியைக் கழியில் கட்டித் தோளில் தூக்கிவந்து இறக்கினார்கள்.

நர்சம்மா அந்த அம்மியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஆயுசுக்கும் பதில் சொல்ல முடியாது.

வேண்டாம் என்றால் அவர்கள் மனசு ஒடிந்துவிடும். சீராக வந்ததை விற்றால் அதைவிட அவமானம். வீடு நிறையச் சாமான், கப்பலுக்குக் கையில் காசு இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவர் ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகப் போனார். "உங்க சாமானக் கப்பல்ல ஏத்த மாட்டாங்கம்மா. சபைக் கோயில்ல அறுப்புப் பண்டிகை ஏலத்துல வுடட்டுமா? நீங்க சம்மதம்னா வுடறேன், இல்லன்னா வூட்லயே வெச்சிட்டுப் போறேன்" என்று கேட்டார். கன்னியம்மா கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, கடைசியில் சரி என்றார். கோயில் ஏலத்தில் விட்டால் அது சாமிக்குக் கொடுத்தது ஆகிவிடும், விற்றது ஆகாது என்று அவர் ஒரு தீர்ப்பும் சொன்னார்.

அந்த ஏலத்தைப் பற்றி எங்கள் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. நர்சம்மா அழைத்தார் என்று நாலைந்து பேர் போனோம். மணியக்காரரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கறுப்புக் கோழியை இரண்டேகால் ரூபாய்க்கு ஏலம் எடுத்தேன். சந்தையைவிட விலை கூடத்தான், நல்ல காரியத்துக்கு என்று எடுத்தேன். வேதவல்லிக்கு ஏழு மாதம், கோழிக் குழம்பு என்று ஒரு வாரமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். நேராக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அந்தச் சபையின் வழக்கம், ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டுமாம். மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே பூசணிக்காய் ஏழு தடவை போகும். அதைச் சொல்லித் தர அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டார்கள். நான் மறுபடி வீட்டுக்கு ஓடினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, அது பம்பாய் வரைக்கும் போவ வேண்டிய கோயி" என்றார் நர்சம்மா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஊரில் ரொம்ப நாள் எனக்குப் 'பம்பாய்க் கோழி' என்று பெயர் இருந்தது.

நான் பட்ட பாட்டைப் பார்த்து மணியக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அம்மியைப் பன்னிரண்டு ரூபாய்க்கு எடுத்தார், திரும்பக் கொடுத்தார். இன்னொருவர் கேட்க, அவர் கூட்டிக் கேட்க, நாலு சுற்று வந்தது. கடைசிச் சுற்றிலும் அவரே எடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அவர் வண்டி அந்த அம்மியைக் கன்னியம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தது. அது அவர்கள் வீட்டில் இருந்த ஒரே அம்மி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியும் குறைந்த பணத்துக்குப் பெண்கள் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, பானை நிறைந்ததும் விற்றுக் கொடுப்பது. ஒரு வேளைச் சோறே நிச்சயமில்லாத வீடுகளிலும் அந்தப் பானை இருந்தது. ஒருவழியாகக் கப்பல் செலவு சேர்ந்தது.

பங்குனியில் தேதி சொல்லும் கடிதம் வந்தது. அவர் பெயருக்கு வந்ததுதான், ஆனால் அது மடித்து ஒட்டும் கடுதாசி. மடிப்பின் ஓரத்திலேயே தேதி தெரிந்தது. தெரிந்ததா, நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். கப்பல் புறப்படும் நாள், வேதவல்லிக்கு நர்சம்மா குறித்துக் கொடுத்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால் இருந்தது. கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அவர் மருந்தகத்துக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்து, "எனுக்கு எதனா வந்துச்சா அண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்று நாளும் இல்லை என்றேன். இடம் வேறொருவருக்குப் போய்விட்டால் அடுத்த கப்பல் இருக்காதா, அதற்குள் குழந்தை பிறந்துவிடாதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை கன்னியம்மா வந்தார். களையெடுக்கப் போகிற வழி, கையில் களைக்கொட்டு. "நர்சம்மாவுக்குக் கப்பல் எப்ப நைனா? வயிச் செலவுக்குன்னு இன்னும் ரெண்டு பானை சேத்துக்கினு கீறோம். முன்னாடியே சொல்லிட்டா வித்துக் குடுத்துடுவோம்" என்றார்.

அவர் போனதும் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். அன்றைக்குப் புதன்கிழமை. கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வாங்கினார். பிரிக்கவில்லை. முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வந்த நாளின் முத்திரை வட்டமாக, பளிச்சென்று இருந்தது. பை பிரித்தால் முத்திரை குத்துவது பத்து வருஷத்துப் பழக்கம். ஒளித்து வைக்கப்போகிற கடிதத்துக்கும் என் கை தன்பாட்டில் குத்தியிருக்கிறது.

நர்சம்மா தேதியைப் படித்தார். விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு, "உங்க வூட்ல எத்தினி நாளு கீது அண்ணா இப்போ?" என்று கேட்டார்.

"இருபது நாள்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்னாண்ட கேட்டிருக்கலாமே அண்ணா" என்றார். அவ்வளவுதான்.

அந்த மத்தியான பஸ்ஸிலேயே உத்திரமேரூர் போய்த் தந்தி கொடுத்தார். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாள் நான் சோறு தின்றேனா, மண்ணைத் தின்றேனா தெரியாது. அம்மியும் பிடி அரிசியும் மணியக்காரர் பணமும் என் ஒருவன் இழுப்பறையில் செத்துப்போகப் பார்த்தது. மூன்றாம் நாள் இடம் இருக்கிறது என்று பதில் தந்தி வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் அதைப் படித்துவிட்டு, "சரி, நாளைக்குக் காலைல வேதவல்லியத் துணிமணி எடுத்துக்கினு கெளம்பச் சொல்லுங்க" என்றார். ஊரைவிட்டுப் புறப்பட ஆறு நாள்தான் இருந்தது. அதில் ஒரு முழு நாளை எங்களுக்குக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் தான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப்போய், கூடப் படித்த தோழியிடம் வேதவல்லியின் பழைய கதையெல்லாம் சொல்லி, பிரசவம்வரை அங்கேயே இருக்கப் படுக்கை வாங்கிக் கொடுத்தார். பிரசவத்துக்கு முன்கூட்டியே ஒருத்தியை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இரண்டு மாதம் முன்பே சொல்லியிருப்பார்.

அவர் புறப்பட்ட அன்று பஸ் நிற்கிற இடத்தில் ஊரே இருந்தது. இரண்டு தெருவும் ஒரே இடத்தில் நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தகரப் பெட்டி, காலில் புது கான்வாஸ் ஷூ. "இன்னா நர்சம்மா, இப்பிடித் திடுதிப்புனு கெளம்பற?" என்று கன்னியம்மா அழுதபோது, "கடுதாசி லேட்டா வந்துச்சும்மா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னார். அவர் கப்பலில் இருக்கும்போது எங்களுக்குப் பெண் பிறந்தது. தாயும் மகளும் நலம் என்று நான் எழுதிய கடிதம் ஆஸ்பத்திரியில் அவருக்காகக் காத்திருந்ததாம்.

இரண்டு ஆண்டு என்று போனவர் ஏழு ஆண்டு இருந்துவிட்டார். ஒவ்வொரு கடிதத்திலும் குழந்தையை விசாரிப்பார், மணியக்காரரின் மூட்டுவலியை விசாரிப்பார், கோழி வளர்க்கிறீர்களா என்று என்னைச் சீண்டுவார். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு எழுத்து எழுதியதில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கிற தைரியம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மருந்தகத்துக்குப் பிரசவ அறை கட்ட இடம் வேண்டும் என்று போன ஆண்டு மணியக்காரரிடம் போய் நானே கேட்டேன். தரமாட்டேன் என்றார், வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி போய்க் கேட்டேன், கொடுத்தார். இதெல்லாம் அவர் பழக்கிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுத ஆரம்பித்து, மழை, விளைச்சல் என்று வேறு எதையோ எழுதி ஒட்டிவிடுவேன். நேரில் வருவார், அப்போது கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

நர்சம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். உங்களிடம் கேட்க இனி வழியில்லை. உங்களைக் கப்பலேற்றிய ஜனத்திடம் கேட்க வழி இருக்கிறது. இந்த மலரைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அச்சாகி வரட்டும் என்று நான் காத்திருக்கப்போவதில்லை. இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இப்போதே அவர் வீட்டுக்குப் போகிறேன், படித்துக் காட்ட.